மரமஞ்சள்: ஒரு பெயரின் வரலாறும் ஒரு வேரின் வேதியியலும்

1. முன்னுரை

மருந்துத் தாவரங்களைப் பற்றிய ஒரு நூலை மொழிபெயர்க்கும்போது மூன்று வகை ஒப்புமைகள் குறுக்கிடுகின்றன. முதலாவது, சொல்லுக்கு நிகரான சொல். இரண்டாவது, அச்சொல் சுட்டும் செடிக்கு நிகரான செடி. மூன்றாவது, அச்செடியில் உள்ள சேர்மத்திற்கு நிகரான சேர்மம். இம்மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தி வரும் என்று அகராதிகள் பெரும்பாலும் கொள்கின்றன. ஆனால் வழக்கில் அவை பல இடங்களில் பிரிந்து நிற்கின்றன. ‘தாருஹரித்ரா’ என்னும் வடசொல்லும் ‘மரமஞ்சள்’ என்னும் தமிழ்ச்சொல்லும் இதற்குத் தக்க எடுத்துக்காட்டுகள் ஆகும். இவ்விரண்டும் சொல்லளவில் மிகச் சரியான நிகரன்கள். ஆனால் அவை சுட்டும் செடிகள் வேறு வேறு. அச்செடிகளின் மஞ்சள் நிறத்திற்குக் காரணமான சேர்மமோ ஒன்றே. இந்நிலை உருவான வரலாற்றையும், அவ்வேர்களின் நுண்ணுயிர் எதிர்ப்புத் தன்மை பற்றிய ஆய்வுகளையும், அவ்வாய்வுகள் மொழிபெயர்ப்பாளர்முன் வைக்கும் சிக்கல்களையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. பெயரின் அமைப்பு

வடமொழியில் ‘தாரு’ என்பது மரக்கட்டையையும் ‘ஹரித்ரா’ என்பது மஞ்சள் கிழங்கையும் குறிக்கும். ஆகவே ‘தாருஹரித்ரா’ என்பதன் நேர்ப்பொருள் ‘கட்டை மஞ்சள்’ என்பதாகும். அமரகோசம் இதற்குத் ‘தார்வீ’, ‘பசம்பசா’, ‘பர்ஜனீ’ முதலிய மாற்றுப் பெயர்களையும் தருகிறது. இந்தியில் ‘தாருஹல்தீ’ என்றும், குமாவுன் மலைப்பகுதியில் ‘கில்மோடா’ என்றும், நேபாளியில் ‘சுத்ரோ’ என்றும் இச்செடி வழங்கப்படுகிறது. மலைமக்களின் வழக்கில் உள்ள இறுதி இரண்டு பெயர்களிலும் மஞ்சள் பற்றிய குறிப்பு இல்லை என்பது கருதத்தக்கது.

திராவிட மொழிகள் வடமொழிக் கூட்டுச்சொல்லை ஒலிபெயர்க்காமல் உறுப்புக்கு உறுப்பு பெயர்த்துக்கொண்டன. தமிழிலும் மலையாளத்திலும் ‘மரமஞ்சள்’, கன்னடத்தில் ‘மரதரிசின’, தெலுங்கில் ‘மானுபசுப்பு’ என இச்சொல் அமைந்துள்ளது. நான்கு மொழிகளிலும் சிறப்பிக்கும் உறுப்பு முன்னும் சிறப்பிக்கப்படும் உறுப்பு பின்னுமாக, வடமொழி அமைப்பு அப்படியே நிற்கிறது.

எனினும் பொருளில் இரண்டு நுட்பமான மாற்றங்கள் நேர்ந்துள்ளன. வடமொழியில் ‘தாரு’ பெரும்பாலும் கட்டையையே குறிக்க, தமிழில் ‘மரம்’ உயிருள்ள மரத்தையும் வெட்டிய கட்டையையும் ஒருங்கே குறிக்கிறது. ஆதலின் ‘மரமஞ்சள்’ என்பதைக் ‘கட்டையாக உள்ள மஞ்சள்’ என்றும் ‘மரமாக வளரும் மஞ்சள்’ என்றும் இருவகையாகப் பொருள் கொள்ள இடம் ஏற்படுகிறது. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் ‘ட்ரீ டர்மரிக்’ என்னும் பெயர் இரண்டாவது பொருளையே தழுவியது. ஆங்கிலச் சொல்லான ‘ட்ரீ’ என்பதும் வடமொழித் ‘தாரு’ என்பதும் இந்தோ ஐரோப்பிய மூலச்சொல் ஒன்றிலிருந்தே பிறந்தவை. ஆயினும் இன்றைய பொருளில் அவை நிகரன்கள் ஆகா. இப்பெயரால் வழங்கும் செடிகளில் ஒன்று புதர், மற்றொன்று கொடி. இரண்டும் மரம் அல்ல.

அடுத்ததாக, ‘ஹரித்ரா’ முதன்மையாகக் கிழங்கின் பெயர். தமிழ் ‘மஞ்சள்’ கிழங்கின் பெயராகவும் நிறத்தின் பெயராகவும் உள்ளது. எனவே வடமொழிப் பெயர் ‘இஃது ஒரு வகை மஞ்சள் கிழங்கு’ என்னும் உறவைக் கூற, தமிழ்ப்பெயர் ‘மஞ்சள் நிறமுள்ள கட்டை’ என்னும் விளக்கமாகவும் நிற்க வல்லது. பின்னர்க் காணவுள்ளபடி, வேதியியல் நோக்கில் தமிழ்ப்பெயரின் இந்த இரண்டாவது பொருளே பொருத்தமானது.

3. இரண்டு செடிகள்

வட இந்தியாவில் தாருஹரித்ரா எனப்படுவது இமயமலைச் சரிவுகளில் வளரும் முட்புதராகிய பெர்பெரிஸ் அரிஸ்டேட்டா ஆகும். இதனோடு நெருங்கிய பிற பெர்பெரிஸ் இனங்களும் அப்பெயரால் விற்கப்படுகின்றன. இந்திய ஆயுர்வேத மருந்தியல் தொகுப்பும் தாருஹரித்ரா என்னும் தலைப்பில் பெர்பெரிஸ் அரிஸ்டேட்டாவையே குறிக்கிறது. தென்னிந்தியாவில், சிறப்பாகக் கேரளத்திலும் தமிழகத்திலும், மரமஞ்சள் எனப் பெரிதும் வழங்குவது மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் படரும் கட்டைக்கொடியாகிய காசினியம் ஃபெனெஸ்ட்ரேட்டம் ஆகும். இதே கொடி இலங்கையில் சிங்கள மொழியில் ‘வெனிவெல்’ எனப்படுகிறது. சளிக்கும் காய்ச்சலுக்கும் கொத்தமல்லியுடன் சேர்த்து அதனைக் கொதிக்க வைத்துக் குடிப்பது அங்குப் பரவலான வீட்டு வைத்தியம்.

பெர்பெரிஸ் பெர்பெரிடேசிக் குடும்பத்தையும், காசினியம் சீந்தில் முதலியவற்றை உள்ளடக்கிய மெனிஸ்பெர்மேசிக் குடும்பத்தையும் சார்ந்தவை. தோற்றத்தில் இரண்டிற்கும் ஒற்றுமை இல்லை. வெட்டுமுகத்தின் பளிச்சிடும் மஞ்சள் நிறமும் கடுங்கசப்புமே பொதுவானவை. இமயத்துப் புதரைக் கண்டிராத தென்னாட்டு மருத்துவர், நூலில் உள்ள பெயரின் பொருளைத் தம் காட்டில் தேடி அடைந்த செடி இதுவாகலாம். அவ்வாறாயின், இங்குச் சொல் முதலில் பெயர்க்கப்பட்டது. பெயர்த்த சொல்லே பின்னர்த் தனக்குரிய பொருளைத் தெரிவு செய்துகொண்டது எனலாம்.

காசினியம் என்னும் பேரினப் பெயரை அமைத்தவர் ஹென்றி தாமஸ் கோல்புரூக் என்பது மொழியியலார் நினைவிற் கொள்ளத்தக்க செய்தி. 1788-இல் கெர்ட்னர் மெனிஸ்பெர்மம் ஃபெனெஸ்ட்ரேட்டம் என விவரித்த செடியை, கோல்புரூக் 1820-களின் தொடக்கத்தில் இலண்டன் லின்னேயன் கழக வெளியீட்டில் தனிப் பேரினமாகப் பிரித்தார். 1808-இல் சீராம்பூரில் அமரகோசத்தை ஆங்கிலப் பொருளுடன் பதிப்பித்தவரும் இவரே. தாருஹரித்ராவின் மாற்றுப் பெயர்களைப் பதிப்பித்த கையே தென்னாட்டு மரமஞ்சளுக்கு அறிவியல் பெயரும் தந்தது. ஆனால் அப்பெயரில் மஞ்சள் இல்லை. காசினியம் என்பது கிரேக்க மொழியில் ‘சிறு சல்லடை’. ஃபெனெஸ்ட்ரேட்டம் என்பது இலத்தீனில் ‘சாளரம் உடையது’. மருத்துவரின் கண் நிறத்தைப் பற்றி நின்றது. தாவரவியலாரின் கண் அமைப்பைப் பற்றி நின்றது.

4. வணிகத்தில் பெயரின் செலவு

பெர்பெரிஸ் வேரையும் அதன் பட்டையையும் நீரில் கொதிக்க வைத்து, வடிகட்டி, குழம்பாகும் வரை காய்ச்சி எடுக்கும் சாறு வடமொழியில் ‘ரசாஞ்சனம்’ எனவும் இந்தியில் ‘ரசௌத்’ எனவும் வழங்குகிறது. ‘அஞ்சனம்’ கண்ணில் இடும் மை. பெயரே அதன் முதன்மைப் பயன் கண் நோய்க்கு என்பதைக் காட்டுகிறது.

கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த எரித்ரேயக் கடல் பயண நூல், சிந்து முகத்துவாரத்துப் பார்பரிகான் துறையிலும் நருமதை முகத்துவாரத்துப் பாரிகாசா துறையிலும் ஏற்றுமதியான பொருள்களுள் ‘லைக்கியான்’ என்பதைக் குறிக்கிறது. அதே நூற்றாண்டில் டயாஸ்கொரிடீஸ் என்னும் கிரேக்க மருத்துவர் லைக்கியானைப் பற்றி விரிவாக எழுதி, இந்தியாவிலிருந்து வருவதே சிறந்தது என்றார். சிற்றாசியாவின் லைசியா நாட்டுப் பெயரிலிருந்து பிறந்த இச்சொல் முதலில் அந்நாட்டு முட்செடி ஒன்றின் சாற்றைக் குறித்தது. பின்னர் இந்தியச் சாறும் அப்பெயரைப் பெற்றது. ஒரு நாட்டின் பெயரே வேறொரு நாட்டுப் பொருளின் பெயராயிற்று. லைக்கியான் எனப் பெயர் பொறித்த சிறு மருந்துக் குப்பிகள் கிரேக்கப் பண்பாட்டு இடங்களில் கிடைத்துள்ளன.

ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் டயாஸ்கொரிடீஸின் நூலை அரபியில் பெயர்த்தவர் இஸ்தபான் இப்னு பாசில். அதனைத் திருத்தியவர் ஹுனைன் இப்னு இஷாக். அரபியில் நிகரான பெயர் தெரியாத இடங்களில் இஸ்தபான் கிரேக்கப் பெயரையே அரபு எழுத்தில் எழுதி, பின்வரும் அறிஞர் நிரப்பட்டும் என விட்டுச்சென்றார். பொருள் உறுதிப்படாத இடத்தில் பெயர்ப்பைத் தவிர்த்து ஒலிபெயர்ப்பை மேற்கொள்ளும் இந்நெறி, மருந்துநூல் மொழிபெயர்ப்பில் மிகப் பழமையானதும் இன்றும் பின்பற்றத்தக்கதும் ஆகும். லைக்கியானுக்கோ அரபியில் ‘ஹுதத்’ என்னும் சொல் இருந்தது. பாரசீகம் அதனை ‘யானைப் பித்தம்’ எனப் பொருள்படும் ‘பீல்ஸஹ்ரா’ என்றது. நிறமும் கசப்பும் இப்பெயரிலும் பேசுகின்றன. பெர்பெரிஸ் என்னும் சொல்லும் இடைக்கால இலத்தீன் வழியே அரபியிலிருந்து ஐரோப்பாவை அடைந்தது என்பது பொதுவான கருத்து.

இடைப்பட்ட காலத்தில் ஐரோப்பாவில் லைக்கியானின் பொருள் மறைந்தது. லின்னேயஸ் ‘லைசியம்’ என்னும் பெயரைக் கத்தரிக் குடும்பத்துப் பேரினம் ஒன்றிற்கு இட்டுவிட்டார். சகாரன்பூர் தாவரத் தோட்டத்தின் பொறுப்பில் இருந்த ஜான் ஃபோர்ப்ஸ் ராயில், இந்தியக் கடைத்தெருவில் ரசௌத் எனவும் யுனானி நூல்களில் ஹுதத் எனவும் வழங்கிய பொருளை ஒப்பிட்டு, டயாஸ்கொரிடீஸ் கூறிய இந்திய லைக்கியான் பெர்பெரிஸ் வேர்ச்சாறே என்று 1830-களில் நிறுவினார். மறைந்த பொருளை மீட்டுத் தந்தது கிரேக்க இலக்கணம் அன்று. அரபுப் பெயர்ப்பு மரபும் வட இந்தியக் கடைவழக்குமே ஆகும்.

5. சேர்மத்தின் பெயர்

1826-இல் செவாலியே, பெல்லட்டான் என்னும் பிரெஞ்சு வேதியியலார் இருவர் அமெரிக்க நாட்டு முட்பட்டை மரம் ஒன்றிலிருந்து மஞ்சள் நிறக் கசப்புப் பொருள் ஒன்றைப் பிரித்து, ‘சாந்தோபிக்ரிட்’ எனப் பெயரிட்டனர். கிரேக்கத்தில் இதன் பொருள் ‘மஞ்சள் கசப்பு’. 1830-களில் ஜெர்மன் வேதியியலார் ஐரோப்பியப் பெர்பெரிஸ் வேரிலிருந்து எடுத்த பொருளைப் ‘பெர்பெரின்’ என்றனர். இரண்டும் ஒன்றே என்பது பின்னரே தெளிந்தது. நிலைபெற்றது இரண்டாவது பெயர். முதலில் இட்ட பெயர் பண்பைக் கூறியது. நிலைத்த பெயர் பொருள் கிடைத்த செடியைக் கூறியது. இதன் விளைவாக, பெர்பெரின் என்பது பெர்பெரிஸுக்கே உரியது என்னும் தோற்றம் ஏற்பட்டது. உண்மையில் அது பல குடும்பச் செடிகளில் உள்ளது.

1852-இல் பெரின்ஸ் என்பவர் ‘இலங்கைக் கொலம்போக் கட்டை’ எனச் சந்தையில் வழங்கிய காசினியத்தில் பெர்பெரின் இருப்பதைக் காட்டினார். இங்கும் பெயர்க்குழப்பம் ஒன்று உண்டு. ‘கலும்பா’ என்பது மொசாம்பிக் நாட்டிலிருந்து வந்த வேறொரு மருந்து வேர். ஒலி ஒப்புமையால் அது கொழும்பு நகரிலிருந்து வருவதாக ஐரோப்பியர் எண்ணினர். அக்கருத்தின் வழியே இலங்கைக் கொடியும் கலும்பாக் கட்டை எனப் பெயர் பெற்றது. மொசாம்பிக் வேரிலும் பெர்பெரின் உள்ளது என ஒரு காலத்தில் கருதப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த ஆய்வுகள் அதில் இருப்பவை பால்மட்டின், ஜட்ரோரைசின், கொலம்பமின் என்னும் உறவுச் சேர்மங்கள் எனத் தெளிவாக்கின. இந்திய அரசு ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி 1990-களில் வெளியிட்ட 29 தாவரங்களின் பட்டியலிலும் காசினியம் ‘கலும்பாக் கட்டை’ என்றே குறிக்கப்பட்டது. தவறான சொற்பிறப்பு ஒன்று சட்ட ஆவணம் வரை நிலைத்ததற்கு இது சான்று.

பெர்பெரினின் அமைப்பைத் துலக்கியதில் பெரும்பங்கு இளைய வில்லியம் ஹென்றி பெர்க்கினுக்கு உரியது. 1856-இல் முதல் செயற்கைச் சாயத்தை உருவாக்கிய பெர்க்கினின் மகனாகிய அவர், சாயமாகவும் மருந்தாகவும் பயன்பட்ட இப்பொருளை 1889 முதல் 1910 வரை ஆராய்ந்தார். பெர்பெரின் ஐசோகுயினொலின் வகை ஆல்கலாய்டு. அதன் அயனியில் கார்பன் அணு 20, ஹைட்ரஜன் 18, ஆக்சிஜன் 4, நைட்ரஜன் 1 உள்ளன. நைட்ரஜன் அணு நேர்மின்னேற்றம் கொண்டது. இம்மின்னேற்றமே அதன் உயிரியல் செயலுக்கு அடிப்படைகளுள் ஒன்று. மஞ்சள் கிழங்கின் நிறப்பொருளாகிய குர்க்குமினிலோ நைட்ரஜனே இல்லை. அதன் கட்டமைப்பும் முற்றிலும் வேறு.

இதனால் பெறப்படுவது யாது? ‘தாருஹரித்ரா’ என்னும் பெயர் அறிவிக்கும் உறவு, அதாவது மஞ்சள் கிழங்கோடு உள்ள உறவு, வேதியியலில் உண்மையன்று. அப்பெயர் அறிவிக்காத உறவு, அதாவது இமயத்துப் புதருக்கும் தென்னாட்டுக் கொடிக்கும் உள்ள உறவு, வேதியியலில் உண்மை. ஆனால் அவ்வுண்மை முழுமையானதும் அன்று. பெர்பெரின், பால்மட்டின், ஜட்ரோரைசின் ஆகியன இரு செடிகளுக்கும் பொதுவாயினும், பெர்பெரிஸ் வேரில் பெர்பமின், ஆக்சியகாந்தின் முதலிய வேறு வகை ஆல்கலாய்டுகளும் உள்ளன. ஆகவே ஒரு சேர்மத்தின் ஒப்புமை கொண்டு இரு மருந்துகளையும் முற்றும் ஒன்றெனக் கூறுதல் பொருந்தாது.

6. நுண்ணுயிர் எதிர்ப்பு: சோதனைகள் காட்டுவன

1920-களின் இறுதியில் ‘டெல்லிப் புண்’ எனப்பட்ட தோல் நோய்க்குப் பெர்பெரின் சல்பேட் ஊசி இந்தியாவில் சோதிக்கப்பட்டது. அந்நோய்க்குக் காரணம் பாக்டீரியா அன்று. லீஷ்மேனியா என்னும் ஒட்டுண்ணி. பாக்டீரியாவால் வரும் வயிற்றுப்போக்கிற்கும் காலராவிற்கும் பெர்பெரினைப் பயன்படுத்தும் முயற்சி 1960-களில் வலுப்பெற்றது. 1982-இல் வெளிவந்த ஆய்வொன்று, காலரா, எ. கோலை நச்சுகளால் குடலில் நீர் சுரப்பதை விலங்குகளில் பெர்பெரின் குறைப்பதாகக் காட்டியது. இஃது உயிரியைக் கொல்லும் செயல் அன்று. அதன் நச்சின் விளைவைத் தணிக்கும் செயல்.

மனிதரிடம் நடந்த இரு சோதனைகள் குறிப்பிடத்தக்கன. 1985-இல் பர்மாவில் 400 நோயாளிகளிடம் நடந்த சோதனையில், காலரா நோயாளிகளுக்கு டெட்ராசைக்ளின் தெளிவான பயன் தந்தது. பெர்பெரின் மட்டும் பெற்றவருள் வெகுசிலரிடமே 24 மணி நேரத்திற்குள் கிருமி நீங்கியது. காலரா அல்லாத வயிற்றுப்போக்கில் இரண்டுமே வெற்று மாத்திரையைவிட மேம்பட்ட பயன் தரவில்லை. 1987-இல் வங்காளதேசத்தில் 165 பேரிடம் நடந்த சோதனையில், நச்சு சுரக்கும் எ. கோலை நோயாளிகளுக்கு 400 மில்லிகிராம் பெர்பெரின் ஒருமுறை கொடுக்கப்பட்டது. 24 மணி நேரத்தில் அவர்களுள் 42 விழுக்காட்டினருக்கும், மருந்து பெறாதவருள் 20 விழுக்காட்டினருக்கும் போக்கு நின்றது. காலராவில் பெர்பெரினின் பயன் சிறிதே. பெர்பெரின் குடலிலிருந்து குருதியில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுவதால், வாய்வழி உண்ணும்போது அதன் செயற்களம் பெரும்பாலும் குடலே என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

வேரில் உள்ள சேர்மங்கள் ஒன்றுக்கொன்று துணை செய்யும் முறையை 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த ஸ்டெர்மிட்ஸ் குழுவினரின் ஆய்வு விளக்கிற்று. தங்கநிறக் கொத்துக்கோளமாகிய ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் பாக்டீரியா தன்னுள் நுழையும் பெர்பெரினை ‘நார்-ஏ’ என்னும் ஏற்றியால் வெளியே தள்ளிவிடுகிறது. பெர்பெரிஸ் இனங்களில் உள்ள மெத்தாக்சிஹிட்னோகார்பின் என்னும் மற்றொரு சேர்மம் தனியே பாக்டீரியாவைத் தடுப்பதில்லை. ஆனால் அந்த ஏற்றியை அடைத்துப் பெர்பெரினைச் செயற்பட வைக்கிறது. ஆய்வு நிகழ்ந்தவை அமெரிக்க இனங்கள். அம்முடிவை இமய இனத்திற்கும் தென்னாட்டுக் கொடிக்கும் சோதியாமல் ஏற்றுதல் கூடாது. இச்சேர்மத்தின் பெயரும் கருதத்தக்கது: ‘ஹிட்னோகார்ப்பஸ்’ என்பது தொழுநோய்க்குப் பயன்பட்ட நீரடிமுத்து மரத்தின் பேரினப் பெயர். பெர்பெரிஸில் உள்ள பொருள் நீரடிமுத்தின் பெயரைத் தாங்குவது, முதலில் கிடைத்த இடமே பெயராகும் வேதியியல் மரபினால்தான்.

7. ‘கிருமி’ என்னும் சொல்

பழைய மருத்துவ நூல்களை இன்றைய மொழியில் பெயர்ப்போர் ‘கிருமிக்னம்’ என்பதைப் ‘பாக்டீரிய எதிர்ப்பு’ எனப் பெயர்ப்பது உண்டு. இது கால வழு. வடமொழிக் ‘கிருமி’ புழுவையும் பூச்சியையும் குறிப்பது. வைணவ மரபில் வழங்கும் ‘கிருமிகண்ட சோழன்’ என்னும் பெயரில் அச்சொல் கழுத்திற் புழுத்த புழுவையே சுட்டுகிறது. கண்ணுக்குப் புலனாகாத நோயுயிரி என்னும் பொருள், 1884-இல் கோக் கல்கத்தாவில் காலரா உயிரியை இனங்கண்ட காலத்தையொட்டிப் பரவிய புதிய மருத்துவ அறிவின் வழியே இச்சொல்லில் ஏறியது.

சரக சங்கிதையின் பட்டியல் இதனைத் தெளிவாக்கும். அங்குத் தாருஹரித்ரா மூலநோய் நீக்குவன, அரிப்பு நீக்குவன, உடற்கொழுப்பைச் சுரண்டுவன என்னும் தொகுதிகளில் இடம்பெறுகிறது. கிருமிக்னத் தொகுதியில் அதற்கு இடம் இல்லை. அங்கு வாயுவிடங்கம், நொச்சி, மிளகு முதலியன உள்ளன. பெர்பெரின் பாக்டீரியாவைத் தடுக்கிறது என்னும் இன்றைய முடிவு சரகருக்கு முன்பே தெரிந்தது என எழுதுவது, அந்நூலுக்கும் நீதி அன்று, ஆய்வுக்கும் நீதி அன்று.

‘கொல்லி’ என்னும் பின்னுறுப்பிலும் கவனம் வேண்டும். ஒரு பொருள் பாக்டீரியாவைக் கொல்லலாம்; வளரவொட்டாமல் நிறுத்தலாம்; அதன் நச்சை மட்டும் தணிக்கலாம். மூன்றையும் ‘கிருமிக்கொல்லி’ எனல் சோதனை கூறாததைக் கூறுவதாகும். ‘பாக்டீரியக் கொல்லி’, ‘பாக்டீரிய வளர்ச்சித் தடுப்பி’, ‘நச்சுத் தணிப்பி’ என மூன்று சொற்களை வேறுபடுத்தி ஆளுதல் நலம்.

சொல் வேறுபாடு உயிர் வேறுபாடாகும் இடமும் உண்டு. மஞ்சள் வேர் மஞ்சட் காமாலைக்கு மருந்து என்னும் கருத்து இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் பழமையானது. ஆனால் பெர்பெரின் குருதிப் புரதத்தோடு இணைந்துள்ள பிலிருபினை இடம்பெயர்ப்பதாக 1993-இல் எலிகளில் நடந்த ஆய்வு காட்டியது. பிறந்த குழந்தையின் காமாலையில் விடுபட்ட பிலிருபின் மூளையைத் தாக்கக்கூடும். இத்தகைய அச்சத்தினாலேயே சிங்கப்பூர் 1978-இல் பெர்பெரின் கொண்ட மூலிகைகளைத் தடை செய்தது. 2010-களில் அத்தடை படிப்படியாக நீக்கப்பட்டது. ‘காமாலைக்கு நல்லது’ என்னும் பழந்தொடரை வயது, வகை குறிக்காமல் பெயர்ப்பவர் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. வடநாட்டு நூலில் உள்ள ‘தாருஹரித்ரா’வைத் தமிழில் ‘மரமஞ்சள்’ என மட்டும் பெயர்த்தால், படிப்பவர் வாங்குவது காசினியமாக இருக்கக்கூடும். அது மெல்ல வளர்வதும், ஆண், பெண் எனக் கொடி வேறாவதும், மிகைச் சேகரிப்பால் தென்னிந்தியக் காடுகளில் அருகிவிட்டதும் ஆகும். ஒரு பெயர்ப்பு ஓர் அருகிய கொடியின்மேல் மேலும் சுமையை ஏற்றுகிறது. எனவே மருந்துநூல் மொழிபெயர்ப்பில் நாட்டுப்பெயருடன் அறிவியல் பெயரையும், பயன்படும் உறுப்பு வேரா தண்டா என்பதையும் குறித்தல் இன்றியமையாதது. ஆய்வு முடிவைப் பெயர்க்கும்போது, அது சேர்மத்தில் நடந்ததா, வேர்ச்சாற்றில் நடந்ததா, சோதனைக் குழாயிலா, விலங்கிலா, மனிதரிலா என்பதையும் விடாது கூறவேண்டும். உறுதிப்படாத இடத்தில் மூலச்சொல்லையே ஒலிபெயர்த்து நிறுத்திய பாக்தாது மொழிபெயர்ப்பாளரின் நெறி, இத்துறையில் பணியாற்றுவோர்க்கு இன்றும் ஏற்றதாகும்.